கறுப்புக் கோட்டு எதிரே வந்தால்

நவம்பர் 1, புதன்

நான் இதை எழுதுவது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியக் கூடாது. பள்ளியில் யார் கையில் கிடைத்தாலும் பயமில்லை. இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான், மூவரும் இந்த வீட்டில்தான் இருக்கிறோம். எழுதி முடித்ததும் நோட்டைச் சுருட்டி, எனக்குச் சிறிதாகிப்போன ரப்பர் பூட்ஸுக்குள் செருகிவிடுவேன்.

என் பெயர் டெல்பின். வயது பன்னிரண்டு. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து ஸ்காட்லாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்தப் பங்கின் பெயர் கில்வாரன். பங்கு என்றால் ஒரு கோயில், அதைச் சுற்றி நாற்பது வீடு, ஒரு பள்ளி, கல்லால் கட்டிய ஒரு படகுத்துறை, அம்மா நர்ஸ் வேலை பார்க்கும் முதியோர் இல்லம், மற்றதெல்லாம் ஆடுகளும் காற்றும். மிஸஸ் கிரெய்க் டீச்சர் இந்தப் பங்கின் நிலத்தையும் கதையையும் ஒரு பெரிய வரைபடமாகச் சுவரில் வரையச் சொல்லியிருக்கிறார். எனக்கும் என் சிநேகிதி கர்ஸ்டிக்கும் படகுத்துறையும் பாறைக்கரையும் வந்திருக்கின்றன.

அம்மா ஏஜென்ட்டிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கடல் இல்லாத ஊராகப் பாருங்கள் என்றாள். அவர் பார்த்துக் கொடுத்த ஊரில் எல்லா ஜன்னலிலும் கடல் தெரிகிறது. வந்த அன்றே அம்மா முன்னறைத் திரையை இழுத்து மூடினாள். இதுவரை திறக்கவில்லை.

ராயப்பன் சித்தப்பா புயலில் கடலோடு போனபோது அப்பாவும் அதே வள்ளத்தில் இருந்தார். அப்பா மட்டும் திரும்பி வந்தார். இனிக் கடலில் கால் வைக்க மாட்டேன் என்று அம்மா கையைப் பிடித்துக் கோயிலில் சத்தியம் செய்தார்.

அப்பா மீனுக்கு ஐஸ் போடும் கொட்டகையில் வேலை பார்க்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா ஐஸ் கொட்டகையில் இல்லை.

நவம்பர் 3, வெள்ளி

நேற்று எழுதவே இல்லை. புதன்கிழமை எழுதிய கடைசி வரியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

செப்டம்பரிலிருந்து அப்பா அலெக் மன்ரோவின் படகில் நண்டும் சிங்கிறாலும் பிடிக்கக் கூடு போடப் போகிறார். அலெக், கர்ஸ்டியின் தாத்தா. படகில் அவர்கள் இருவர் மட்டும். அம்மாவுக்கு ராத்திரி வேலை, காலை எட்டு மணிக்குத்தான் வருவாள். அதற்குள் அப்பா போய்விடுவார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்பாவே சொன்னார். "ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும் மக்களே" என்றார். ஏன் ஒருத்தருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

கோடை முழுவதும் அப்பா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இப்போது காலையில் விசிலடிக்கிறார். அதனால்தான் நானும் சொல்லவில்லை.

இன்று மிஸஸ் கிரெய்க் எங்களைப் பாறை விளிம்புக்குக் கூட்டிப்போனார். இருநூறு வருடத்துக்கு முன்பு இந்த மக்கள் உள்ளே ஆற்றுப் பள்ளத்தாக்கில் பயிர் செய்தவர்களாம். நிலத்துக்காரருக்கு ஆடு வளர்த்தால் லாபம் அதிகம் என்று தெரிந்ததும் வீடுகளின் கூரையைக் கொளுத்தி விரட்டிவிட்டார். பாறை விளிம்பில் ஆளுக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்து, மீன் பிடித்துப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். அவர்களில் பாதிப்பேர் அதுவரை படகையே தொட்டதில்லை. அங்கே அடிக்கிற காற்றில் ஆடுகூடக் கடலில் விழும். அதனால் தாய்மார் நிலத்தில் வேலை செய்யும்போது முளையடித்துக் குழந்தைகளைக் கயிற்றால் கட்டி வைப்பார்களாம். சுவர் மட்டும் நிற்கிற ஒரு வீட்டருகே அப்படிக் கயிறு கட்டிய ஒரு கல்லைப் பார்த்தோம். அதிலிருந்த துளைக்குள் விரலை விட்டேன். உள்ளே ஈரமாக இருந்தது.

திரும்பி வரும்போது கர்ஸ்டி கடல் விதிகளைச் சொன்னாள். அவள் பேசுவது வேறு மொழி. ஆனால் சிநேகிதி பேச்சை எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எனக்கு எழுத வருகிறது.

"படகுல பன்னின்னு சொல்லப்பிடாது. முயல்னு சொல்லப்பிடாது. பாதிரின்னு சொல்லவே பிடாது. கறுப்புக் கோட்டுன்னுதான் சொல்லணும். மறந்து சொல்லிட்டா உடனே இரும்பத் தொடணும்."

"சொன்னா என்ன ஆவும்?"

"எங்க தாத்தாட்ட சொல்லிப் பாரு, தெரியும்."

நவம்பர் 5, ஞாயிறு

எங்கள் சபைக் கோயில் தூரத்தில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை. "சாமி எல்லா எடத்துலயும் உண்டு, பஸ்ஸுதான் இல்ல" என்று சொல்லி அம்மா எங்களை இந்த ஊர்க் கோயிலுக்கே அனுப்புகிறாள். இன்று அவள் ராத்திரி வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

இங்கே பாதிரி ஒரு பெண். ரெவரெண்ட் ஐலா. நரைத்த குட்டை முடி, சேறு ஒட்டிய சைக்கிள், டாம் என்று ஒரு கிழட்டு நாய். பூசை முடிந்து எல்லாரும் கைகுலுக்கிப் போகும்போது அப்பா என் முதுகைத் தள்ளினார்.

"கேளு மக்களே. படகுக்கு வந்து ஒரு ஜெபம் செய்வாவளான்னு கேளு."

கேட்டேன். ரெவரெண்ட் ஐலா முதலில் சிரித்தார், அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"பதினோரு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். ஒரு தடவைகூட அந்தப் படகுத்துறைக்குப் போனதில்லைன்னு அவர்ட்ட சொல்லு. எனக்கு முன்னாடி இருந்தவங்களும் போனதில்லை. படகுக்குப் போற வழியில பாதிரி எதிர்ல வந்தா அன்னைக்குக் கடலுக்குப் போகமாட்டாங்க. திரும்பி வீட்டுக்குப் போயிடுவாங்க. நான் தள்ளி நிக்கிறதுதான் அவங்களுக்கு நான் செய்யற மரியாதை."

அப்பாவுக்குச் சொன்னேன். அவரால் நம்பவே முடியவில்லை.

"அதெப்படி? நம்ம ஊர்ல சாமியாரு தண்ணி தெளிக்காம வள்ளம் எறங்குமா? இவியளுக்குப் பாதிரியப் பாத்தா பயமாக்கும்?"

வீட்டிலிருந்தே வேண்டிக்கொள்கிறேன் என்றார் ரெவரெண்ட் ஐலா. புதன்கிழமைதோறும் அவர் முதியோர் இல்லத்துக்குப் போவார் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. வாசல்வரை போன நான் திரும்பி ஓடினேன்.

"படகு விஷயத்தை அம்மாட்ட சொல்லிடாதீங்க."

அவர் என்னையே பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 6, திங்கள்

அப்பா அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார்!

பள்ளிக்குள் நுழைந்ததுமே கர்ஸ்டி ஓடி வந்தாள், சிரிப்பை அடக்க முடியவில்லை. நடுக்கடலில், அலெக்கைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "பாதிரி நமக்காக ஜெபிக்கிறாங்க" என்றாராம் அப்பா. அலெக் பாய்ந்துபோய் இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாராம். ஒரு கூடுகூட எடுக்காமல் படகைத் திருப்பிவிட்டார்.

"ஒரு நாள் வேலை போச்சு. உனக்க அப்பாவ எங்க தாத்தா கடல்ல தள்ளாததே பெருசு."

சாயங்காலம் அப்பா காது சிவக்க உட்கார்ந்திருந்தார். "நான் நல்லதுக்குத்தான சொன்னேன்" என்று மூன்று தடவை சொன்னார். நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் இருவரும் சேர்ந்து சிரித்தோம். அம்மா எழுந்து வந்து என்ன என்றாள். ஒன்றுமில்லை என்றோம், ஒரே நேரத்தில்.

நவம்பர் 9, வியாழன்

கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் அதனால்தான்.

பள்ளி விட்டதும் வரைபடத்துக்காகப் படகுத்துறையை வரையப் போனேன். அலெக்கின் படகு அப்போதுதான் வந்தது. அலெக் மேலே நின்று கயிற்றைப் பிடித்திருந்தார். அப்பா கீழே படகில் இருந்து கூடைகளைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அலெக்கின் கையிலிருந்து கயிறு நழுவியது. அவர் அதைப் பார்க்கவில்லை. கண் திறந்திருந்தது, வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. நான் "மிஸ்டர் மன்ரோ" என்று கூப்பிட்டேன். நான் அங்கே நிற்பதே அவருக்குத் தெரியவில்லை. படகு துறையை விட்டு விலகியது. அப்பா தாவி ஏறிக் கயிற்றைப் பிடித்தார். ஏறியவர் அலெக்கைத் தொடவில்லை, கூப்பிடவில்லை. பக்கத்திலேயே நின்று காத்திருந்தார், பழக்கமான வேலையைப் போல.

கொஞ்ச நேரத்தில் அலெக் இமைத்தார். "என்ன வேடிக்கை பாக்குறே பெண்ணே, கூடையை எடு" என்றார்.

வீட்டுக்கு ஏறும் வழியில் கேட்டேன். "அப்பா, இது முன்னாடியும் வந்துருக்கா?"

அப்பா வாளியை மறு கைக்கு மாற்றினார்.

"வந்துருக்கு."

"கடல்லயா?"

"ஒருக்கா. சுக்கானப் பிடிச்சுட்டு நிக்கும்போ. படகு தன்னால வட்டம் அடிச்சிட்டு. பாறைக்குப் பக்கத்துல போயாச்சு. நான் ஓடிப்போய்த் திருப்பிட்டேன்."

"யாருட்டயாவது சொல்லுங்கப்பா."

"யாருட்ட சொல்ல? சொன்னா அவருக்க படகப் பிடுங்கிருவாவ. எனக்க பேரு வெளிய வந்தா உனக்க அம்மாக்குத் தெரிஞ்சிரும்." அப்புறம் என் தலையில் கை வைத்தார். "இந்தக் கரையில ஒருத்தனும் எனக்க முகத்தப் பாத்து நீ கடல்காரனான்னு கேக்கல மக்களே. அவருதான் கேட்டாரு. ஒண்ணும் ஆவாது. நான்தான் கூட இருக்கேன்லா?"

சித்தப்பாவுடனும் அவர்தான் கூட இருந்தார்.

நவம்பர் 11, சனி

அம்மா துணி துவைக்கும்போது அப்பாவின் கம்பளிச் சட்டைக் கையில் ஒரு செதில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐஸ் கொட்டகையில மீன் இருக்கும் லீலா, பூவா இருக்கும்?" என்றார் அப்பா.

"நான் ஒண்ணும் கேக்கலியே" என்றாள் அம்மா.

செதிலைத் தண்ணீரில் விட்டாள். அது போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

நவம்பர் 12, ஞாயிறு

மழை. வரைபடத்துக்குப் பாறைகளைச் சாம்பல் நிறத்தில் தீட்டினேன். படகுத்துறைக்கு நேர் எதிரே இரண்டு பாறை. தண்ணீர் வற்றும்போது தெரியும், ஏற்றத்தில் மறைந்துவிடும். ஊரில் நம் கடல் இவ்வளவு ஏறி இறங்காது. இங்கே ஒரு ஆள் உயரத்துக்கும் மேல் ஏறுகிறது.

நவம்பர் 14, செவ்வாய்

கோயில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நீளமான கல் இருக்கிறது. அதில் மன்ரோ என்ற பெயரே ஆறு தடவை வருகிறது. மிஸஸ் கிரெய்க் கதை சொன்னார். ரொம்ப வருடத்துக்கு முன்பு ஒரு ஆகஸ்ட் மாதம், கண்ணாடி மாதிரி கடல், எல்லாப் படகும் ஒன்றாகப் போயிருக்கிறது. மதியத்துக்குப் பிறகு காற்று திரும்பியது. படகுத்துறைக்கு வெளியே, பெண்கள் கண் முன்னாலேயே, ஒவ்வொரு படகாகக் கவிழ்ந்தது. கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். நான் தொடவில்லை.

கர்ஸ்டி என் காதருகே வந்து சொன்னாள். "டீச்சர் ஒண்ணச் சொல்லல. அன்னைக்குக் கறுப்புக் கோட்டு ஊர்ல இல்ல. கல்யாணம் நடத்த வெளியூர் போயிருந்தாரு. அவரு மட்டும் அன்னைக்குக் காலையில வழியில எதிர்ல வந்திருந்தா எல்லாரும் திட்டிட்டே வீட்டுக்குத் திரும்பியிருப்பாங்க. எங்க தாத்தா எப்பமும் சொல்லுவாரு."

அதற்கு அப்புறம் டீச்சர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

நவம்பர் 15, புதன்

பாதிரி வீட்டுக்குப் போனேன்.

ரெவரெண்ட் ஐலா சமையலறையில் நாயின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரொட்டியும் தேநீரும் வைத்தார்.

"நாளைக்குக் காலையில நீங்க படகுத்துறைக்கு வரணும்."

"ஜெபம் செய்யவா?"

"இல்ல. சும்மா எதிர்ல வந்தா போதும்."

அவர் துணியைக் கீழே வைத்தார். "அவங்களைத் தடுக்கணுமா?"

தலையாட்டினேன்.

"ஏன் டெல்பின்?"

சொல்ல வாயெடுத்தேன். கர்ஸ்டி, அலெக், அப்பாவின் விசில், அம்மா விளக்குக்கு நேரே பிடித்த செதில், எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. அழுகைதான் வந்தது.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சரி. டாமுக்கு நாளைக்கு அந்தப் பக்கம் நடக்கணும்போல இருக்கு. ஆனா ஒண்ணு. சனிக்கிழமை வரைக்கும் நடப்பேன். அதுக்குள்ள நீ காரணத்தைச் சொல்லணும். சொல்லலைன்னா நான் நேரா உன் அம்மாட்ட போவேன். இது ஒரு சின்னப் பிள்ளை தனியா தூக்கற சுமை மாதிரி தெரியலை."

நவம்பர் 16, வியாழன்

நடந்தது!

என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். இன்னும் இருட்டு. துறை விளக்கின் கீழே அப்பாவும் அலெக்கும் வாளிகளோடு போனார்கள். எதிரே கறுப்புக் கோட்டு, நாய். அலெக் அப்படியே நின்றார். வாளியைக் கீழே வைத்தார், விளக்குக் கம்பத்தின் இரும்பைத் தொட்டார், திரும்பி மேட்டில் ஏறிப் போய்விட்டார். அப்பா வாளியோடு நடுவில் தனியாக நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் பாதிரியம்மாவுக்குத் தலைகுனிந்து கும்பிட்டுவிட்டு வந்தார்.

அப்பாவை எட்டு மணிக்கு வீட்டில் பார்த்த அம்மா, "இன்னைக்கு ஐஸ் உருகிட்டா?" என்றாள்.

நவம்பர் 17, வெள்ளி

இன்றும். அலெக் துறையிலேயே கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது. பள்ளியில் கர்ஸ்டி ஓரிடத்திலும் உட்காரவில்லை. பாதிரியம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "ரெண்டு நாளா கூட்டுக்குள்ள சிங்கிறால் ஒண்ணையொண்ணு தின்னுட்டு கெடக்கு. தாத்தா ராத்திரி முழுக்க ஒறங்கல."

நாளை சனிக்கிழமை. இன்னும் நான் காரணம் சொல்லவில்லை. இப்போது போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை செருப்பை மாட்டினேன்.

நவம்பர் 18, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் தூக்கம் வராது.

ஜன்னலில் நின்று பார்த்தேன். ரெவரெண்ட் ஐலா மூன்றாவது நாளும் வந்தார். இன்று அலெக் நிற்கவில்லை. வாளியை ஆட்டிக்கொண்டு நேராக அவரைத் தாண்டிப் படகை நோக்கிப் போனார். போகிற போக்கில் கத்தினார். நான் மேல்கோட்டை மாட்டாமல், கையில் கிடைத்த பழைய பூட்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு ஓடினேன். வலது காலில் ஏதோ இடித்தது. இந்த நோட்டுதான்.

நான் போய்ச் சேரும்போது அலெக் இரும்பு ஏணியில் இரண்டு படி இறங்கியிருந்தார். மேலே நின்ற அப்பாவைப் பார்த்து, "வாய்யா" என்றார்.

அப்பா நகரவில்லை.

"இன்னைக்கு வேண்டாம்" என்றார் அப்பா, அவருடைய இங்கிலீஷில். "நாளைக்கும் வேண்டாம். டாக்டர். முதல்ல டாக்டர்."

"அந்தக் கோட்டுக்காரியப் பாத்துப் பயந்துட்டியா?"

"அவங்களப் பாத்து இல்ல. உங்களப் பாத்து."

அலெக் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாகவே போனது. கை ஏணியை விட்டது. கீழே ஏற்றத் தண்ணீர், கறுப்பாக. அப்பா தரையில் விழுந்து அவருடைய காலரைப் பிடித்தார். ரெவரெண்ட் ஐலா அப்பாவின் கால்களைப் பிடித்தார். நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. எப்படி மேலே இழுத்தார்கள் என்று தெரியாது, நானும் ஏதோ ஒரு துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் தூரத்திலிருந்து வர வேண்டும். ரெவரெண்ட் ஐலா முதியோர் இல்லத்துக்கு போன் செய்தார். பக்கத்தில் இருக்கிற ஒரே நர்ஸ் அம்மாதான்.

அம்மா நீலச் சீருடையில் ஓடி வந்தாள். எட்டு மாதத்தில் முதல்முறையாக அந்தத் துறையில் கால் வைத்தாள். அலெக்கைப் பார்த்தாள். அவருடைய தலையை மடியில் வைத்திருந்த ஆளைப் பார்த்தாள். மஞ்சள் ரப்பர் உடுப்பு, பூட்ஸ், கத்தி சொருகிய இடுப்பு வார். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. ரொம்பக் கொஞ்ச நேரம்தான் இருக்கும்.

"ஒருச்சாய்ச்சுப் பிடிங்க" என்றாள். "நாக்கு உள்ள போயிரும்."

ஹெலிகாப்டர் வரும்வரை அப்பாவிடம் அவள் பேசியது அதுதான்.

நவம்பர் 19, ஞாயிறு

அலெக் உயிரோடு இருக்கிறார். வலது கை அசையவில்லையாம். பேச்சு குழறுகிறதாம்.

கோயிலில் பாதி பெஞ்சு காலி. பாதிரி எதிரே வந்ததால்தான் அவருக்கு அப்படி ஆனது என்று ஊர் முழுக்கப் பேச்சு. மூன்று நாள் வேண்டுமென்றே எதிரே வந்தாராம், மூன்றாவது நாள் பலித்துவிட்டதாம். ரெவரெண்ட் ஐலா காலிப் பெஞ்சுகளைப் பார்த்துத்தான் பேசினார். என் பெயரைச் சொல்லவே இல்லை. வெளியே வந்ததும் கைகுலுக்கும்போது மட்டும் என் கையை அழுத்தினார்.

வீட்டில் யாரும் பேசவில்லை. அம்மா மூன்று தட்டு வைத்தாள், மூன்று பேரும் சாப்பிட்டோம்.

நவம்பர் 20, திங்கள்

கர்ஸ்டி பள்ளிக்கு வரவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

வந்தாள். சுவர் வரைபடத்தின் முன்னால் தனியாக நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"பாதிரியம்மா ஒண்ணும் செய்யல" என்றேன். "நான்தான் வரச் சொன்னேன். உனக்க தாத்தாவுக்கு இது முன்னாடியே வந்துருக்கு. நான் பாத்தேன். அப்பாவும் பாத்துருக்காரு."

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் வரைபடத்தில் நான் தீட்டிய பாறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியும்" என்றாள். "ஒரு நாள் அடுப்புல பாலு பொங்கி வழியுது, தாத்தா பாத்துட்டே நிக்காரு. யாருட்டயும் சொல்லாதன்னு சொன்னாரு."

மிஸஸ் கிரெய்க் உட்காரச் சொல்லும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம். சாயங்காலம் கர்ஸ்டி நேராகக் கடைக்குப் போய், கூட்டம் இருக்கும்போது, எல்லாருக்கும் கேட்கும்படி அதைச் சொல்லிவிட்டாள்.

நவம்பர் 22, புதன்

அம்மா பேசினாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன்.

"எத்தன நாளா?"

"செப்டம்பர்லேர்ந்து."

"பிள்ளைக்குத் தெரியும்."

"தெரியும்."

"அந்தப் பச்சப் பிள்ளையப் பயந்து சாவ விட்டுட்டு, நீங்க விசிலடிச்சிட்டுப் போனிய."

அப்பா, "வீட்டுக்குள்ள இருந்தா எனக்கு அவனுக்க சத்தம் கேக்கும் லீலா" என்றார். "கடல்ல கெடந்தா கேக்காது."

ராயப்பன் சித்தப்பாவைத்தான் சொல்கிறார். அம்மா அழுதாளா என்று தெரியவில்லை. நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

நவம்பர் 24, வெள்ளி

அலெக்கின் தம்பி மகன் ஹமிஷ் பக்கத்துத் துறையிலிருந்து தன் படகோடு வந்திருக்கிறார். அலெக்கின் கூடுகளெல்லாம் இன்னும் கடலடியில் கிடக்கின்றன. விட்டுவைத்தால் புயலில் நொறுங்கிவிடும். எந்த இடத்தில் கிடக்கின்றன என்று அலெக்குக்குத் தெரியும், அவரால் பேச முடியவில்லை. அதற்கு அடுத்தபடி தெரிந்த ஒரே ஆள் அப்பா. கோயில் கோபுரமும் வெள்ளை வீடும் ஒரே கோட்டில் வந்தால் முதல் வரிசை; அந்த மாதிரி எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஹமிஷ் எங்கள் சமையலறையில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்பாவிடம் கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்டார்.

படகில் எத்தனை பேர், ரேடியோ இருக்கிறதா, மிதவைச் சட்டை போடுவார்களா, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று அம்மா வரிசையாகக் கேட்டாள். நோயாளிகளிடம் கேட்கிற குரல். ஹமிஷ் பள்ளிப் பிள்ளை மாதிரி பதில் சொன்னார்.

"நாளைக்குச் சொல்லுதேன்" என்றாள் அம்மா.

நவம்பர் 25, சனி

முதல்முறையாக இதைப் பகலில் எழுதுகிறேன். அம்மா எதிரில்தான் இருக்கிறாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள், டைரி என்றேன். "பூட்ஸுக்குள்ள வச்சா நனஞ்சு போவும், அலமாரியில வையி" என்றாள். படித்தாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நேற்று அம்மாவுக்கு ராத்திரி வேலை இல்லை; காலை ஏழு மணிக்கு என்னை எழுப்பினாள். சமையலறையில் அப்பா மஞ்சள் உடுப்போடு, மணமேடைக்குப் போகிறவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏ பிள்ள, ஓடிப்போயி அந்தப் பாதிரியம்மாட்ட ஒண்ணு சொல்லிட்டு வா."

"என்னம்மா?"

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். எங்களைப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு மட்டும் கடக்கரைக்கு வரண்டாம்னு சொல்லு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

ஓடினேன். ரெவரெண்ட் ஐலா இரவு உடையில் கதவைத் திறந்தார். சொன்னதும் ஒரு கேள்வி கேட்கவில்லை. டாமை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னல் திரையையும் மூடினார், துறையில் யாரும் தற்செயலாகக்கூட அவரைப் பார்த்துவிடாதபடி.

நான் திரும்பி வந்தபோது எங்கள் முன்னறைத் திரை திறந்திருந்தது. அம்மா ஜன்னலில் நின்றாள். படகு துறையை விட்டு வெளியே வந்து, மறைந்து கிடக்கிற அந்த இரண்டு பாறைகளையும் சுற்றிக்கொண்டு போனது. நான் அம்மாவின் முன்னால் போய் நின்றேன். அவள் என் சட்டையின் பின்பக்கத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். படகு ஒரு புள்ளியாகி மறைந்த பிறகும் விடவில்லை.

இப்போது மணி மூன்றாகப் போகிறது. இங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடும். அம்மா ராத்திரி வேலைக்குத் தூங்க வேண்டும், தூங்கவில்லை. ஒரே துணியை நான்காவது தடவையாக மடிக்கிறாள். நான் எழுதுவது அவளுக்கும் எனக்கும் ஏதோ ஒரு சத்தமாக இருக்கட்டும் என்றுதான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

பாறை முனையில் ஒரு படகு தெரிகிறது. சிவப்பா நீலமா என்று தெரியவில்லை.

நீலம். ஹமிஷின் படகு நீலம். பின்பக்கம் முழுக்கக் கூடுகள் அடுக்கியிருக்கின்றன, அதன் மேல் மஞ்சளாக ஒருவர் உட்கார்ந்து இந்த ஜன்னலையே பார்த்துக் கையை ஆட்டுகிறார்.

அம்மா கையை ஆட்டவில்லை. துணியைக் கீழே போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய் வெந்நீர் வைத்தாள். அங்கிருந்தே சத்தம் போட்டாள்:

"ஏ பிள்ள, நாறிட்டு வருவாரு. சட்டைய வாசல்லயே கழத்திப் போடச் சொல்லு."